காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் இத்தனை கேள்விகளா?

"இந்த உரிமச் சாவி ஏற்கெனவே வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது." விண்டோஸ் 11 போட்ட புதிய கணினியில் என் பழைய தமிழ் மென்பொருளை நிறுவியபோது திரையில் இந்த வரியைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. அந்த வேறொரு கணினியும் என்னுடையதுதான். மதர்போர்டு எரிந்துபோய் அச்சகத்தின் மூலையில் கிடக்கும் அதில் எதுவும் பயன்பாட்டில் இல்லை.

டிடிபி வேலைக்காக, அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கும் வேலைக்காக, பல ஆண்டுகளுக்கு முன்பு உரிமத்தோடு வாங்கிய தமிழ் மென்பொருள் அது. பெட்டியும் குறுந்தட்டும் சாவி ஒட்டிய ஸ்டிக்கரும் இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்ட பிறகும் நான் அதை விட்டு நகராமல் இருந்ததற்கு இந்த மென்பொருள்தான் காரணம். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்துவிட்டது. பழைய இயந்திரம் செத்துவிட்டால் புதியதில் 11ஐத் தவிர எதைப் போடுவது?

வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த இளைஞர் சாவியைப் படிக்கச் சொன்னார். ஸ்டிக்கரில் மை மங்கியிருந்ததால் அது எட்டா, பி எழுத்தா என்று தெரியாமல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துச் சொல்லி முடித்தேன். சாவி சரியானதுதான், என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது என்று அவரே உறுதி செய்தார். பிறகு, பழைய கணினியைத் திறந்து அதில் உரிமத்தை விடுவித்துவிட்டு வாருங்கள் என்றார். அது எரிந்துவிட்டது என்றேன். அப்படியானால் பழுதுபார்த்து விடுவித்துவிட்டு அழையுங்கள் என்றார். மதர்போர்டை மாற்றினால் உங்கள் மென்பொருள் அதையும் புதுக் கணினி என்றுதானே சொல்லும் என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பழைய கணினியில் விடுவித்துவிட்டு வாருங்கள் என்றார். மேலதிகாரியிடம் இணைப்பைக் கொடுங்கள் என்றேன். அவர் வந்து, முதலிலிருந்து, சாவியைப் படிக்கச் சொன்னார்.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் 'விடுவி' என்றொரு பொத்தானை வைக்காதவர்கள் மீதுதான் கோபம். ஹார்டு டிஸ்க்கின் எண், மதர்போர்டின் எண், நெட்வொர்க் கார்டின் எண் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் அடையாளம் உண்டாக்கி, அதனோடு சாவியைக் கட்டிப்போடுகிறார்கள். ஒரு சாவிக்கு ஒரு கணினி என்ற நிபந்தனையை நான் முழுமனதோடு ஏற்றுக்கொண்டேன். கணினிக்கும் ஆயுள் உண்டு என்பது மட்டும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களுக்குத் தெரியாமல் போயிற்றா?

சாவிக்குப் பதில், கணினியில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சிறு கருவியான டாங்கிளை வாங்கியவர்களின் நிலைமை இதைவிட மோசம். விண்டோஸ் 11 என்பது 64 பிட் பதிப்பாக மட்டுமே வருகிறது. டாங்கிளைக் கணினிக்குப் புரியவைக்கும் சிறு நிரலான டிரைவர், பழைய 32 பிட் வகையாக இருந்தால் அதில் ஏறவே ஏறாது. நண்பர் ஒருவர் அன்று பெருந்தொகை கொடுத்து வாங்கிய டாங்கிளைப் புதிய கணினியில் செருகினால் அதன் விளக்குகூட எரிவதில்லை. 64 பிட் டிரைவர் எழுதித் தர வேண்டிய நிறுவனம் அவருக்குப் பதிலே எழுதவில்லை.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாறிவிட வேண்டியதுதானே என்று சொல்பவர்கள் என் அலமாரியை வந்து பார்க்க வேண்டும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. புதிய வேலைகளை நானும் அதில்தான் செய்கிறேன். பழைய கோப்புகளை என்ன செய்வது? இந்த மென்பொருளின் எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வருகின்றன. பழைய குறியாக்கத்தில் கொம்பு மெய்க்கு முன்னால் இருக்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் பெரும்பாலும் சரியாகச் செய்தாலும், ஆங்கிலம் கலந்த வரிகளில் தடுமாறுகின்றன. வரியும் பக்கமும் நகர்ந்துவிடுகின்றன. முந்நூறு பக்கப் புத்தகத்துக்கு மறுபதிப்பு கேட்கும் ஆசிரியரிடம், ஐயா, மறுபடியும் மெய்ப்புப் பார்த்துக் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

கடைசியில் அவர்கள் சொன்ன தீர்வு, ஆண்டுச் சந்தா கட்டிப் புதிய பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்பது. அந்தப் புதிய பதிப்பு பழைய கோப்புகளைத் திறக்குமா என்று கேட்டேன். திறக்காது. வீட்டை விற்றவர், கதவை மாற்றினால் சாவிக்கு மறுபடியும் பணம் கேட்பதைப் போன்றது இது. பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை வைத்திருப்பவர் எந்தக் கணினிக்கும் அதைத் தடையில்லாமல் கொண்டுபோகிறார் என்பதுதான் என்னால் பொறுக்கவே முடியாதது. நேர்மையாக ரசீது வாங்கியவன் மட்டும் வரிசையில் நிற்கிறான்.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. அடோபி நிறுவனம் 2012 டிசம்பரில் தன் சிஎஸ்2 வடிவமைப்பு மென்பொருள் தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை, அதாவது உரிமத்தைச் சரிபார்த்து மென்பொருளைத் திறந்துவிடும் கணினியை, நிறுத்தியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பையும் அதற்கான வரிசை எண்ணையும் வெளியிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் முடிந்தது, ஒரே ஒரு மென்பொருளை விற்றவர்களால் முடியாதா? எரிந்த மதர்போர்டின் படம், ரசீது, ஸ்டிக்கர் மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். என் உரிமத்தை விடுவித்துக் கொடுங்கள். சந்தாவைப் பற்றி என்னிடம் இனிப் பேசாதீர்கள்.