சொந்தக் கடை என்றால் கொப்பியைக் காட்டுங்கோ

இரண்டு நாளாக அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. இங்கே ஒரு கடை முதலாளி தன் மூன்றாவது கிளைத் திறப்பு விழாவில் பேசியதுதான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை, சொல்லவும் தேவையில்லை. "எங்கட பெடியள் கடையைத் தங்கட கடையா நினைக்கினமில்லை, அதுதான் எனக்கு ஒரே கவலை" என்று முதலாளி சொன்னதும் முன்வரிசை கைதட்டியது. பின்னால் பெரிய பதாகை: "நாங்கள் ஒரே குடும்பம்".

சரி. ஒரு கேள்வி. போன மாதம் அந்தக் கடைக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அங்கே வேலை செய்கிற அந்தப் பெடியளில் ஒருவருக்காவது தெரியுமா? தெரியாது. கணக்குக் கொப்பி மேசை லாச்சிக்குள், திறப்பு முதலாளியின் இடுப்பில். பிறகு எப்படித் தங்கள் கடை என்று நினைப்பது? வாடகைக்கு இருக்கிறவனிடம் வீட்டுக்குப் பெயின்ற் அடி, கூரையை மாற்று, ஆனால் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கேட்காதே என்பது போல இருக்கிறது.

நானும் ஆறு வருசம் ஒரு ஹாட்வெயாரில் நின்றவன். எங்கே என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கேயும் தினமும் இதே உபதேசம்தான். ஒருநாள் ஒரு மாபிள் டிசைனுக்குப் பெரிய ஓடர் போட்டார்கள். "அண்ணை, இது ஓடாது, வாற சனம் வெளிர் நிறத்தைத்தான் கேக்குது" என்றேன். வாடிக்கையாளரோடு நாள் முழுக்கக் கதைக்கிறவன் நான்தானே. "உனக்கேன் அந்தக் கதை, சாமானை இறக்கு" என்றார். அந்த மாபிள் இரண்டு வருசம் களஞ்சியத்தில் கிடந்தது. அதைத் தூசி தட்டியதும் நான்தான். அன்றைக்குத்தான் விளங்கியது, "உன் கடையா நினை" என்றால் "சம்பளத்துக்கு மேலாக மாடு மாதிரி உழை" என்று அர்த்தம். வாய் திறப்பது அதில் சேராது.

என் அம்மப்பா வடமராட்சி கிழக்கில் கரைவலை, அதாவது கரையில் நின்று கூட்டமாய் இழுக்கும் பெரிய மீன்வலை, இழுத்தவர். இப்போது சில இடங்களில் உழவு இயந்திரம் வைத்து இழுக்கிறார்கள், அது வேறு சண்டை. அந்தக் காலத்தில் அம்பா என்ற வலை இழுக்கும் பாட்டைப் பாடி ஆட்கள்தான் இழுப்பார்கள். மடி கரையேறியதும் மீன் என்ன விலைக்குப் போனது என்று எல்லாரின் காதிலும் விழும். செலவைக் கழித்து, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் பங்கு, மிச்சம் இழுத்தவர்களுக்கு. சம்மாட்டிமார் எல்லாரும் தர்மவான்கள் என்று சொல்ல வரவில்லை. முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டவர்களும் உண்டு. ஆனால் இன்றைக்கு என்ன பட்டது என்று கடைசிக் கயிறு பிடித்தவனுக்கும் தெரியும். "ஒற்றுமையாய் இழுங்கோ" என்று அங்கே யாரும் மைக் பிடித்துப் பேசவில்லை.

இனி கொமென்டில் வரப்போகிறவர்களுக்கு.

"நீ ஆருக்கும் சம்பளம் குடுத்திருக்கிறியா?" கொடுக்கிறேன், மூன்று பேருக்கு. சின்ன அச்சுவேலைக் கடைதான், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். சனிக்கிழமை பின்னேரம் கொப்பி நடுமேசையில் இருக்கும். வருசக் கடைசியில் லாபத்தில் பத்து வீதம் அவர்களுக்கு. எழுத்தில் இன்னும் போடவில்லை, அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொப்பியை விரித்த பிறகுதான் ஒரு தம்பி "அண்ணை, பிளெக்ஸ் வெட்டுறதிலதான் எங்கட காசு வீணாப் போகுது" என்று அளவுகளை மாற்றி அடுக்கிக் காட்டினான். எனக்கு அது கண்ணில் படவேயில்லை.

"முதலாளி ஊழியர் சேமலாப நிதி கட்டுறாரே?" ஐயா, முதலாளி 12 வீதம் கட்டுவது சட்டம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அதுவும் சட்டம். சிவப்பு விளக்குக்கு நின்றதற்கு மாலை போடச் சொல்கிறீர்களா?

"கூட்டுறவுச் சங்கக்கடைக்கு என்ன நடந்தது?" இது நியாயமான அடிதான். எல்லாருடைய கடையும் கடைசியில் ஒருவருடைய கடையும் இல்லாமல் போனதைப் பார்த்தவர்கள்தான் நாங்கள். ஆனால் மூளாயில் ஊர் சேர்ந்து கூட்டுறவாக ஆஸ்பத்திரி நடத்தியதும் இதே யாழ்ப்பாணம்தான்.

"பங்கு குடுத்தாலும் கனடாவுக்குப் போயிடுவாங்கள்." போகட்டும். பங்கு இல்லாமலும் போகிறார்கள்தானே.

"லாபத்தில பங்கு கேக்கிறவை நட்டத்திலயும் எடுப்பினமோ?" இதைத்தான் என்னிடம் கேட்கக் கூடாது. 2022இல், 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், அந்த ஹாட்வெயார் ஜெனரேற்றருக்கு டீசல் எடுக்க இரவு முழுக்க வரிசையில் படுத்தவன் நான். நான்கு மாதம் அரைச் சம்பளம். "நிலைமை சரியானதும் தருவன் தம்பி" என்றார் அங்கத்தைய முதலாளி. அடுத்த வருசம் இரண்டாவது கிளை திறந்தார். எங்கள் அரைச் சம்பளம் மட்டும் வரவில்லை. திறப்பு விழா அன்று எனக்குக் கொடுத்த வேலை, வாசலில் விசிலோடு நின்று வாகனம் நிறுத்துவது. குடும்பப் படம் எடுக்கும்போது நான் யாருடையதோ வானுக்குப் பின்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளை கூடக் கூட முதலாளி எல்லா மேசையிலும் இருக்க ஏலாது. அதனால் ஒன்றில் மச்சான், மற்றதில் மருமகன், மிச்சத்துக்கு கமரா. போனில் பார்த்து "ஏன் தேத்தண்ணிக்குப் பத்து நிமிசம்?" என்று கேட்பது. தன் சொந்தக் கடையில் எவன் கமராவுக்குப் பயந்து தேத்தண்ணி குடிக்கிறான்?

நிறையச் சொல்லிவிட்டேன் போல. வீடியோவில் நாடா வெட்டும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். வலப்பக்கம் கதிரை அடுக்கிக்கொண்டு நீலச் சேட்டுப் பெடியன் ஒருவன். "கடையைத் தங்கட கடையா நினைக்கினமில்லை" என்றதும் அவனும் கதிரையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான். அவனைத் தெரிந்தவர்கள் இங்கே பெயரைப் போட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை அவனுக்கு வேலைக்குப் போகவேணும்.