ஐந்து பேர் பெயர், இரண்டு பேர் உழைப்பு

பிபிஏ என்ற வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் எது கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களைக் கேட்டால் நிதி மேலாண்மை என்பார்கள், புள்ளியியல் என்பார்கள். படித்துக்கொண்டிருப்பவர்களைக் கேளுங்கள். குரூப் பிராஜெக்ட் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். பருவத்துக்கு ஐந்து பாடம் எடுத்தால் மூன்று நான்கிலாவது குழு வேலை இருக்கும். ஒவ்வொன்றிலும் 30, 40 மதிப்பெண் அதற்கே போய்விடும். 13 வாரத்துக்குள் நான்கு டெலிகிராம் குழு, நான்கு கூகல் டாக்ஸ், ஏறக்குறைய இருபது பேரின் நேர அட்டவணை. வீட்டில் அம்மா, "அஞ்சு பேர் சேர்ந்து செய்யிற வேலைதானேம்மா, அதுக்கு ஏன் ராத்திரி மூணு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கே?" என்று கேட்பார். ஐந்து பேரின் வேலையை இரண்டு பேர் செய்வதால்தான் அம்மா!

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். முதல் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் பங்கு பிரித்துவிடுவார்கள். ஒருவருக்கு அறிமுகம், ஒருவருக்கு ஸ்வாட் (நிறுவனத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் அலசல்), ஒருவருக்குப் போட்டியாளர் ஒப்பீடு, ஒருவருக்கு நிதிக் கணக்கு, மிச்சமிருப்பவருக்குப் பரிந்துரை. இந்தப் பங்கீட்டிலேயே கோளாறு இருக்கிறது. ஸ்வாட் முடியாமல் பரிந்துரை எழுத முடியாது. நிறுவனத்தின் நிதிநிலை தெரியாமல் ஸ்வாட்டும் எழுத முடியாது. ஆனால் ஐந்து பேரும் ஒரே கெடு தேதியை வைத்துக்கொண்டு தனித்தனியாக எழுதுவார்கள், அல்லது எழுதாமல் இருப்பார்கள். கடைசியில் ஒட்டிப் பார்த்தால் நான்காம் பக்கம் "கையில் ரொக்கம் குறைவு" என்கிறது, பன்னிரண்டாம் பக்கம் "மூன்று நாடுகளில் கிளை திறக்கலாம்" என்கிறது.

எண்கள் இதைவிட மோசம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸையும் கேத்தே பசிபிக்கையும் ஒப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதன் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, கணக்கு சிங்கப்பூர் வெள்ளியில். இரண்டாவதன் ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது, கணக்கு ஹாங்காங் டாலரில். கேத்தேயின் 2020 கணக்கில் பெருந்தொற்றுப் பயணத் தடைகளுக்கு முந்தைய வாரங்களும் அடங்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 2020/21 முழுக்க முழுக்கப் பெருந்தொற்றுக் காலம். இதைக் கவனிக்காமல் இரண்டு எண்களையும் ஒரே பட்டைப் படத்தில் போட்டு அனுப்பிவிட்டு, "ஐ டன் மை பார்ட்" என்று ஒரு செய்தி வரும். எக்செலில் என்பிவி கணக்கும், அதாவது வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழிக்கும் கணக்கும், அப்படியே. அந்தச் சூத்திரம் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வரும் பணமாக எடுத்துக்கொள்ளும். இன்றைய முதலீட்டை வெளியே வைத்துத் தனியாகக் கூட்ட வேண்டும். அதையும் வரிசைக்குள் சேர்த்துவிட்டால், 10% தள்ளுபடி விகிதத்தில் 110,000 வெள்ளி வரவேண்டிய இடத்தில் 100,000 காட்டும். யார் கண்டுபிடிப்பது? கெடுவுக்கு முந்தின இரவு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கிற அந்த ஒருவர்தான். எழுத்துரு மாற்றி, மேற்கோள் முறை மாற்றி, செயற்கை நுண்ணறிவு இட்டுக்கட்டிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடி நீக்கி விடிந்துவிடும். நீக்கத் தவறினால் விசாரணைக்கு ஐந்து பேரையும் அழைப்பார்கள். பழி மட்டும் சரிசமமாகப் பங்கிடப்படும்.

ரிசர்விஸ்ட் எனும் ராணுவப் பயிற்சி அழைப்பு வந்து முகாமுக்குப் போகிறவர் மீதோ, பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு ஏழு மணி வகுப்புக்கு ஓடி வரும் பகுதிநேர மாணவர் மீதோ யாருக்கும் கோபம் இல்லை. அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் தங்கள் பகுதியை எல்லோருக்கும் முன்பே முடித்தும் கொடுப்பார்கள். கோபமெல்லாம் நோகாமல் நோன்பு கும்பிடுகிறவர்கள் மீது.

"அதற்குத்தான் சக மாணவர் மதிப்பீடு இருக்கிறதே" என்பார் விரிவுரையாளர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழு வேலைக்கு 40 மதிப்பெண், அதில் சக மதிப்பீட்டுக்கு 4. ஐவர் குழுவில் ஒருவர் எதுவுமே செய்யவில்லை. மற்ற நால்வரில் ஒருவர் மட்டும் துணிந்து ஐந்துக்கு இரண்டு போடுகிறார். மூவர், அடுத்த பருவமும் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று ஐந்து போடுகிறார்கள். சராசரி 4.25. நான்கு மதிப்பெண்ணில் அவருக்கு 3.4 கிடைக்கிறது. பதின்மூன்று வாரம் சும்மா இருந்ததற்கான தண்டனை 0.6 மதிப்பெண்! அதுவும் கடைசி வாரத்தில், எல்லாம் முடிந்த பிறகு.

கொடுமை இதோடு நிற்கவில்லை. குழு மதிப்பெண்கள் வகுப்பு முழுவதற்கும் 30, 32, 33 என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடும் பெல் கர்வில் ஆட்களைப் பிரித்துக் காட்டுவது தனித்தேர்வுதான். நீங்கள் அறிக்கையை ஒட்டிக்கொண்டிருந்த அதே இரவுகளில் அந்தச் சும்மா இருந்தவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு பி பிளஸ், அவருக்கு ஏ மைனஸ். அவருடைய கிரேடுக்கு உங்கள் தூக்கம் விலையாகப் போயிருக்கிறது.

இதெல்லாம் வணிகப் பள்ளிக்குத் தெரியாதா? நிறுவன நடத்தையியல் பாடத்தில் இதே ஆசிரியர்கள்தானே ரிங்கெல்மன் விளைவு நடத்துகிறார்கள்! பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் 1913-இல் வெளியிட்ட கயிறிழுக்கும் சோதனை அது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் பாதியைத்தான் போட்டார்கள். 1979-இல் லட்டானேயும் அவர் சகாக்களும் கை தட்டவும் கத்தவும் வைத்துச் செய்த சோதனையிலும் அதே கதை. தனி ஆளின் பங்கு தெரியாதபோதுதான் சோம்பல் கூடுகிறது என்பது தேர்வில் வரும் கேள்வி. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தில் கை வைத்தவர்கள் எல்லாரும் இழுத்தார்களா என்று பார்க்கும் வழியைப் பாடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, மதிப்பெண் போடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வது என்ன நியாயம்?

"வேலைக்குப் போனாலும் இப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள்" என்ற பதில் எரிச்சலின் உச்சம். வேலையிடத்தில் மேலாளர் இருக்கிறார். பணி மதிப்பீடு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, செய்யாதவரை நீக்கும் அதிகாரமும் ஒருவரிடம் இருக்கிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளையிடம் இதில் எதைக் கொடுத்திருக்கிறீர்கள்?

இப்போது குழுவில் மாட்டியிருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். எழுதுவதெல்லாம் கூகல் டாக்ஸிலேயே எழுதப்பட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேர்டில் எழுதி ஒட்டினால் பதிப்பு வரலாற்றில் யார் எப்போது எவ்வளவு எழுதினார் என்பது மறைந்துபோகும். எண்கள் அத்தனைக்கும் ஒரே ஆள் பொறுப்பு, நாணயமும் நிதியாண்டும் முதல் வாரத்திலேயே முடிவு. பரிந்துரைக்கான கெடு மற்ற பகுதிகளுக்குக் குறைந்தது ஒரு வாரம் பின்னால் இருக்கட்டும். ஒருவர் இரண்டு கெடுவைத் தவறவிட்டால் ஐந்தாம் வாரமே விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள். இடைவேளை வாரத்துக்கு முன்பென்றால் குழுவை மாற்ற முடியும், 12-ஆம் வாரம் போனால் "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றுதான் பதில் வரும். காட்டிக்கொடுக்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள். உங்கள் கட்டணமும் அங்கேதான் போகிறது.

பாடத்தை வடிவமைக்கிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. சக மதிப்பீட்டைத் தனி நான்கு மதிப்பெண்ணாக ஒதுக்காதீர்கள், குழு மதிப்பெண்ணோடு பெருக்குங்கள். பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ போன்ற கருவிகள் இந்த வழியில்தான் இயங்குகின்றன. மேலே சொன்ன அதே 4.25-ஐ எடுத்துக்கொள்வோம். மற்ற நால்வருக்கும் ஐந்து என்றால் குழுவின் சராசரி 4.85. குழுவுக்கு 32 கிடைத்திருந்தால் சும்மா இருந்தவருக்கு 28, உழைத்தவர்களுக்கு 33. அந்த 0.6 ஐந்து மதிப்பெண் வித்தியாசமாகிவிடுகிறது. இந்த மதிப்பீட்டை ஆறாம் வாரம் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை வாங்குங்கள். குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். அடுத்த பருவத்தின் பாடக் குறிப்பேட்டில் இதற்கு மூன்று வரி போதும்.