எண்ணூரில் இன்னொரு பெர்த் வருவதற்கு முன்

சென்னைக்கு வடக்கே எண்ணூர்த் துறைமுகத்தில் திரவச் சரக்குக்கு இன்னொரு பெர்த் (கப்பல் நின்று சரக்கு இறக்கும் மேடை) என்ற பேச்சு எழும்போதெல்லாம் "நீ ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்கிறார்கள். நான் ஆதரவுதான். நிலக்கரி இறக்குவதற்காக 2001இல் தொடங்கிய துறைமுகம் அது. வாசலில் கரித்தூளைப் பெருக்கியே வளர்ந்தவர்கள் நாங்கள். குழாயில் போகும் சரக்கால் அந்தத் தூசி இல்லை. 30,000 டன் எரிவாயுவை ஒரு கப்பல் இறக்குகிறது என்றால், அதையே சாலையில் கொண்டுவர ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேங்கர் லாரிகள் ஓட வேண்டும். மணலி சாலையில் ஒருநாள் பைக் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

என் சண்டை வேறு இடத்தில். திட்ட வரைபடத்தில் எவ்வளவு ஆழம் தூர்வாருவது, கப்பல் எங்கே திரும்புவது, கப்பலைக் குழாயோடு இணைக்கும் லோடிங் ஆர்ம் எத்தனை என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால் சரக்கு பெர்த்தோடு நிற்பதில்லை. பெர்த்திலிருந்து டேங்க் வரை குழாய் போகிறது. அந்தக் குழாயை ஒட்டித்தான் குப்பங்கள் இருக்கின்றன.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம், சித்தி சின்னக்குப்பத்திலிருந்து போன் செய்தார். "கண்ணு எரியுதுடா, மூச்சு முட்டுது, எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியல." கப்பலிலிருந்து கரைக்கு அம்மோனியா கொண்டுவர ஒரு உரத் தொழிற்சாலை கடலுக்கடியில் போட்டிருந்த குழாயில் கசிவு. ஜனங்கள் கைக்குழந்தைகளோடு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று அந்தத் தெருவில் யாரும் எப்போதும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இத்தனைக்கும் எந்தச் சரக்கு என்பதைப் பொறுத்து அந்தப் பதில் மாறும். அம்மோனியா காற்றைவிட லேசானது. ஆனால் மைனஸ் 33 டிகிரி குளிரில் திரவமாக வருவது கசிந்தால், வெண்புகையாகத் தரையோடு தவழும். தண்ணீரில் சட்டென்று கரையும் என்பதால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். எல்பிஜி அப்படியில்லை, காற்றைவிடக் கனம். பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி நெருப்புப்பொறிக்குக் காத்திருக்கும். ஆக, ஒரு பெர்த்தில் நான்கு விதச் சரக்கு இறக்குவார்கள் என்றால், அந்த ஊருக்கு நான்கு விதமாகத் தப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணெய் என்றால் கதையே வேறு. 2017 ஜனவரி 28 விடியற்காலை துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய கப்பல், மற்றது எரிபொருளோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. கசிவு சின்னதுதான் என்று முதலில் சொன்னார்கள். எர்ணாவூர்ப் பாறைகளில் நின்று பக்கெட் பக்கெட்டாக அள்ளியவர்களில் நானும் ஒருவன். பம்பில் ஏறாத அளவுக்குத் தார் மாதிரிக் கெட்டி. பக்கெட்டைத் தூக்கினால் கைப்பிடி வழுக்கும். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறை ஒரு வாரம் இருந்தது. பெர்த்துக்கு இத்தனை கோடி என்று திட்டம் போடும்போதே, மிதவைத் தடுப்பும் எண்ணெய் உறிஞ்சும் கருவியும் எங்கே இருக்கும், நடுராத்திரியில் யார் எடுத்து வருவார் என்பதும் அதே பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.

அப்புறம் கருத்துக்கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம்தான் தமிழில் கிடைக்கிறது. கசிந்தால் எவ்வளவு தூரம் பரவும் என்ற வரைபடமோ ஆங்கிலத்தில் இருக்கும் முழு அறிக்கையின் நடுவில் கிடக்கும். அந்த ஒரு வரைபடத்தை, எங்கள் தெருப் பெயர்களோடு தமிழில் பெரிதாக அச்சடித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். சைரன் எந்தக் கம்பத்தில், காற்றுத் திசை காட்டும் துணிப்பை எந்த மாடியில் என்று அதிலேயே குறித்துவிடுங்கள். முதல் கப்பல் வருவதற்கு முன் ஒரு ராத்திரி அந்தச் சைரனை ஊதி, சித்தி வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை எங்களை நடக்க வைத்து நேரம் பாருங்கள். இது நடந்தால் பெர்த்துக்கு ஆதரவாகக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து பேச நான் தயார்.