கேஜைப் பார்த்து கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்க வேண்டாம்

வீட்டில் மிக் வெல்டிங் (வாயுவின் பாதுகாப்பில் கம்பியை உருக்கி உலோகத்தை இணைக்கும் முறை) செய்யப் பழைய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்குபவர், கேஜ் (அழுத்தமானி) முள் 57 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) நின்றால் அது நிறைந்திருக்கிறது என்று நம்பலாம் எனச் சிலர் சொல்வது தவறு. முள்ளைப் பார்த்து மிச்சத்தை அறியும் முறை ஆர்கான் என்ற மற்றொரு வெல்டிங் வாயுவுக்குரியது. ஆர்கான் சிலிண்டருக்குள்ளும் வாயுவாகவே இருப்பதால், செலவாகச் செலவாக முள்ளும் சீராக இறங்கும். கார்பன் டை ஆக்சைடோ அழுத்தத்தில் திரவமாகி அடியில் தேங்கியிருப்பது. மேலிருந்து வாயு வெளியேறும்போது திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடுவதால், திரவம் மிஞ்சியிருக்கும் வரை, 20 டிகிரி செல்சியஸில் முள் ஏறத்தாழ 57 பாரை விட்டு நகராது. பாதி தீர்ந்த சிலிண்டரிலும் முள் நிறைந்தது போலவே காட்டும் (விற்பவருக்கு வசதிதான்).

எனவே ரெகுலேட்டரை (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) கழற்றிவிட்டுச் சிலிண்டரைத் தராசில் நிறுத்தி, அதன் தோள்பகுதியில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். அந்த எடையில் வால்வும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 10 கிலோ என்று சொல்லி விற்கப்படுவதில் 5 கிலோ மட்டுமே இருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும். அதே தோளில் அழுத்தச் சோதனைத் தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். அது காலாவதியாகியிருந்தால், முறையாக நிரப்பும் நிலையத்தில் மறுசோதனை இல்லாமல் நிரப்பித் தர மாட்டார்கள், அந்தச் செலவு வாங்கியவர் தலையில்தான் விழும்.