கடமை என்று சொல்லிவிட்டால் போதுமா?

"அவர் தன் கடமையைத்தானே செய்தார்" என்று சொல்லி நண்பர் ஒருவர் பேச்சை முடித்துக்கொண்டார். சீருடையில் இருக்கும் ஒருவர் ஓர் உயிரைப் பறித்ததைப் பற்றிய பேச்சு அது. நண்பர் ஈரமுள்ள மனிதர், அடுத்தவர் துன்பம் பொறுக்காதவர். அதனால்தான் அந்த ஒரு வாக்கியம் இரண்டு நாட்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடமை என்ற சொல்லுக்குப் பிறகு கேட்பதற்கு எதுவுமில்லை என்று அவர் நினைத்தார். எனக்கோ, கேட்க வேண்டியது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியில் இருப்பவர் கொல்வது நியாயமாக இருக்கும் தருணங்கள் உண்டு. ஒருவன் கத்தியோடு ஒரு குழந்தையின் மேல் பாய்கிறான், தடுக்க வேறு வழியே இல்லை என்றால், சுடும் காவலரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சுடாமல் நின்றிருந்தால்தான் கேள்வி கேட்பேன். ஆனால் அந்தச் செயலுக்கு நியாயம் அந்தக் குழந்தையின் உயிரிலிருந்து வருகிறது. சீருடை அணியாத வழிப்போக்கர் ஒருவர் அதையே செய்திருந்தாலும் நியாயம்தான். அப்படியானால் கடமை அங்கே எதைச் சேர்க்கிறது? வழிப்போக்கர் பயந்து விலகிப் போகலாம், காவலர் போக முடியாது. ஆபத்தை நோக்கி நடந்தாக வேண்டும் என்ற சுமையைத்தான் கடமை அவர் தோளில் ஏற்றுகிறது. கொல்வதற்குக் கூடுதல் உரிமை எதையும் அது கொடுத்துவிடவில்லை.

என் சித்தப்பா ராணுவத்தில் இருந்தவர். சிறுவயதில் ஒரு நாள், "சித்தப்பா, நீங்கள் யாரையாவது சுட்டிருக்கிறீர்களா?" என்று ஆசையாகக் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, ஒரு மாலை நேரத்தில், நான் கேட்காமலே அவராகச் சொன்னார்: "எனக்குப் பக்கத்தில் இருந்தவன் உயிரோடு வீட்டுக்குப் போனான். இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டான். எதிரில் இருந்தவனுக்கு யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாதடா." அன்று சுட்டது தவறு என்று அவர் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஆனால் 'கடமை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. இரண்டு உயிர்களையும் அவர் மனத்தில் சுமந்துகொண்டிருந்தார். பணிக்காகக் கொன்ற ஒருவரை நான் மதிக்கிறேன் என்றால், அப்படிச் சுமப்பவரைத்தான் மதிக்கிறேன்.

சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. காவலர்கள் துப்பாக்கியைப் பயன்படுத்துவது குறித்து 1990-ல் ஹவானாவில் கூடிய ஐ.நா. மாநாடு வகுத்த அடிப்படைக் கோட்பாடுகளின்படி, உயிரைக் காக்க வேறு வழி அறவே இல்லாதபோது மட்டுமே கொல்லும் நோக்கத்தோடு சுடலாம். சட்டவிரோதமான உத்தரவை ஏற்க மறுக்கும் காவலரைத் தண்டிக்கக் கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. மறுப்பதும் கடமைக்குள் அடக்கம் என்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் நாம் எப்படி இருக்கிறோம்? 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, ஓர் இளம்பெண் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட வழக்கில் கைதான நான்கு பேர், போலீஸ் காவலில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கள் காவலர்கள் மீது பூத் தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில்தான் பூத் தூவினார்கள் என்பதும் புரிகிறது. ஆனால் இதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின், 2022-ல் வெளியான அறிக்கை, கொல்லும் நோக்கத்தோடேயே அவர்கள் சுடப்பட்டார்கள் என்றது. இறந்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது. பத்துக் காவலர்கள் மீது கொலைக் குற்றத்துக்கு விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. அந்த நால்வர்தான் குற்றவாளிகளா என்று சொல்லும் வாய்ப்பே எந்த நீதிமன்றத்துக்கும் கிடைக்கவில்லை. நாம் தூவிய பூக்களுக்கு நாமும் பதில் சொல்ல வேண்டும். கூட்டம் கைதட்டும் என்று தெரிந்தால், அடுத்த முறை விரல் இன்னும் சீக்கிரமாக அழுத்தும்.

பரிசு கிடைத்ததாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடாது என்பதற்கு பெர்லினைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1989 பிப்ரவரியில், கிழக்கு ஜெர்மனி எழுப்பியிருந்த பெர்லின் சுவரைத் தாண்டி மேற்கே தப்ப முயன்ற கிறிஸ் கெஃப்ராய் என்ற 20 வயது இளைஞரை எல்லைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. காவலர்களுக்குப் பாராட்டும், ஆளுக்கு 150 மார்க் வெகுமதியும் கிடைத்தன. ஒன்பது மாதங்களில் சுவர் திறந்தது. 1992 ஜனவரியில், உயிரைப் பறித்த குண்டைச் சுட்ட காவலருக்கு நீதிமன்றம் மூன்றரை ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது இரண்டு ஆண்டாகக் குறைந்து நிறுத்திவைக்கப்பட்டது. மேலே இருந்த, கிழக்கு ஜெர்மனியின் தலைவர்களில் ஒருவரான எகோன் கிரென்ஸுக்கு 1997-ல் ஆறரை ஆண்டு. இந்த ஏற்றத்தாழ்வு எனக்குச் சரியென்றே படுகிறது. உத்தரவிட்டவருக்குப் பெரும்பங்கு, விரலை அழுத்தியவருக்குச் சிறுபங்கு. சிறுபங்கு பூஜ்யம் ஆகிவிடவில்லை என்பதுதான் முக்கியம். நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணைக்கான சாசனமும் 1945-லேயே இதைச் சொல்லிவிட்டது: மேலதிகாரியின் உத்தரவு தண்டனையைக் குறைக்க உதவலாம், பொறுப்பிலிருந்து விடுவிக்காது.

போர்க்களம் என்று வரும்போது என் தெளிவு குறைகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று, கடத்தப்பட்ட பயணிகள் விமானத்தைத் தடுக்க வாஷிங்டனுக்கு அருகிலிருந்து இரண்டு போர் விமானிகள் கிளம்பினார்கள். விமானங்களில் ஏவுகணை இல்லை. மோதி வீழ்த்துவதென்று முடிவு செய்துதான் பறந்தார்கள். அவர்கள் கிளம்புமுன்பே, உள்ளிருந்த பயணிகள் கடத்தல்காரர்களை எதிர்த்துப் போராடி, விமானம் வயலில் விழுந்துவிட்டிருந்தது; அது அவர்களுக்குத் தெரியாது. கடத்தப்பட்ட பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்த அனுமதித்த சட்டத்தை ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. உள்ளே இருக்கும் நிரபராதிகளை வெறும் பொருட்களாக நடத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்றது. தீர்ப்பை நான் ஏற்கிறேன். அந்த இரண்டு விமானிகளையும் வணங்குகிறேன். இவை இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன், பொருத்த முடியவில்லை.

மரண தண்டனையை நிறைவேற்றுபவர்களின் நிலை வேறு. அங்கே காக்கப்பட வேண்டிய உயிர் எதுவும் கண்முன் இல்லை. கைதி கட்டப்பட்டிருக்கிறார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2010-ல் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, விரும்பி முன்வந்த ஐந்து காவல் அதிகாரிகள் ஒரே நேரத்தில் சுட்டார்கள். அதில் ஒரு துப்பாக்கியில் மட்டும் வெற்றுத் தோட்டா. யாருடையது வெற்று என்று யாருக்கும் தெரியக் கூடாது. தன் குண்டால் அவர் சாகவில்லை என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொள்ளலாம். சட்டம் அனுமதித்த, நீதிமன்றம் ஆணையிட்ட, முழுக்க முழுக்கக் கடமையான அந்தச் செயலுக்கு எதற்காக இந்த ஒளிவிடம்? கடமை என்ற சொல் மனத்தை ஆற்றப் போதாது என்று ஏற்பாடு செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நான் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இடம் வியட்நாமின் மை லாய். 1968 மார்ச் 16. அமெரிக்கப் படையினர் அந்தக் கிராமத்தில் ஆயுதமற்ற பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொன்று குவித்துக்கொண்டிருந்தார்கள். வியட்நாம் கணக்குப்படி இறந்தவர்கள் 504 பேர். படைப்பிரிவுத் தலைவராக இருந்த வில்லியம் கேலி பிற்பாடு, உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்றார். அதே படையைச் சேர்ந்த ஹியூ தாம்சன் என்ற 24 வயது விமானி மேலிருந்து இதைப் பார்த்தார். பதுங்குகுழியில் ஒளிந்திருந்த கிராமத்தாருக்கும் அவர்களை நெருங்கிய வீரர்களுக்கும் நடுவே தன் ஹெலிகாப்டரை இறக்கினார். இவர்கள் மீது நம்மவர்கள் சுட்டால், நம்மவர்களையே சுடுங்கள் என்று தன்னோடு இருந்த கோல்பர்ன், ஆண்ட்ரியோட்டா இருவரிடமும் சொல்லிவிட்டு, நடந்து போய் அந்த மக்களை வெளியே கொண்டுவந்தார். ஒரு குண்டும் சுட வேண்டியிருக்கவில்லை.

கடமையின் பெயரால் ஒரு கொலை முழுக்க நியாயமாக இருந்திருக்கக்கூடும் என்றால், என் மனத்துக்கு முதலில் வருவது நடக்காமலே போன இந்தக் கொலைதான். அதுவும் தன் சொந்தப் படையினரை. தாம்சனுக்கு நாட்டில் கிடைத்தது வசையும் கொலை மிரட்டலும். உண்மையான காரணத்தைச் சொல்லி ஒரு பதக்கம் வர முப்பது ஆண்டுகள் ஆயின.

1998-ல் தாம்சனும் கோல்பர்னும் மை லாய்க்குத் திரும்பிப் போனார்கள். அன்று காப்பாற்றப்பட்ட பெண்களில் ஒருவர் தாம்சனிடம் வந்து, அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை என்று கேட்டார். தாம்சன் உடைந்து போனார். அந்தப் பெண் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை. வந்திருந்தால் நாங்கள் அவர்களை மன்னித்திருப்போமே என்றார்.

இதை என் நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது சொல்வேன்.