கேமராவில் தொடங்கிய ஆபரேஷன் கீறலில் முடிந்தால் சர்ஜனைத் திட்டாதீர்கள்

பித்தப்பைக் கல்லுக்குக் கேமரா ஆபரேஷன் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போன நோயாளி, வலது விலாவுக்குக் கீழே நீளமான தையலோடு வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று சேலத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். முதலில் உறவுக்காரர்கள் முகம் மாறும். அப்புறம் "நாலு ஓட்டைன்னு தானுங்க சிஸ்டர் சொன்னீங்க, இப்ப வயித்தையே கிழிச்சு வச்சிருக்கீங்களே" என்று குரல் உயரும். மறுநாள் ஊரிலிருந்து பார்க்க வந்த பெரியப்பா, "அந்த டாக்டருக்குக் கைராசி இல்லையாம்" என்று முடித்துவிடுவார்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். ஐந்து ரோடு பக்கம் தனியார் ஆஸ்பத்திரிகளில்தான் பல வருஷமாக வேலை. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். கேமராவில் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "ஓப்பன் பண்ணிடலாம்" என்று சொல்லும் சர்ஜன் தோற்றுப் போனவர் அல்ல. பல நேரங்களில் அந்த நோயாளியின் உயிரைக் காப்பாற்றிய முடிவு அதுதான். அந்த முடிவை எடுக்க அவரைத் தயங்க வைப்பது வராண்டாவில் நிற்கும் நம்முடைய கோபம். இது எனக்கு உண்மையிலேயே பயம் தரும் விஷயம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தொப்புள் பக்கம் முதல் துளை. அதன் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைப்போம். கேமரா போன பிறகு மற்ற மூன்று துளைகள். பித்தப்பையின் நுனியைப் பிடித்து மேலே தள்ளி, கழுத்துப் பகுதியை இழுத்துப் பிடித்தால் அங்கே கொழுப்பும் சவ்வும் மூடிய ஒரு முக்கோண இடம் தெரியும். சர்ஜன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே போவார். பித்தப்பைக்குள் போகும் மெல்லிய குழாய் ஒன்று, சின்ன ரத்தக்குழாய் ஒன்று. இந்த இரண்டுக்கும்தான் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். கொஞ்சம் தள்ளியே கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. அதைத் தவறுதலாக வெட்டினால் அந்த ஆளின் வாழ்க்கையே மாறிவிடும். வயிற்றுக்குள் பித்தம் கசியும், மஞ்சள் காமாலை வரும், குடலை எடுத்துக் கல்லீரல் குழாயோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன் தேவைப்படும்.

நல்ல பித்தப்பை என்றால் அந்த இரண்டும் தெளிவாகத் தெரியும். வீக்கம் பல நாள் ஆன பித்தப்பை அப்படி இருக்காது. பலாக்காயைப் பிளந்தால் பால் வடிந்து எல்லாவற்றையும் ஒட்ட வைக்குமே, அப்படி எது குழாய் எது சவ்வு என்று பிரியாமல் கிடக்கும். தொட்ட இடமெல்லாம் ரத்தம் கசியும். தியேட்டரில் பேச்சு நின்றுவிடும். கிளிப் அப்ளையரை நான் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், சர்ஜன் கேட்க மாட்டார். திரும்பத் திரும்ப இடதுபுறமும் வலதுபுறமும் புரட்டிப் பார்ப்பார்.

2003இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. லேப்ராஸ்கோபியில், அதாவது கேமரா ஆபரேஷனில், பித்தக்குழாய் காயமான 252 நோயாளிகளின் விவரங்களை எடுத்து, ஏன் அப்படி நடந்தது என்று அலசினார்கள். 97 சதவீதத்தில் காரணம் கண் ஏமாந்தது. பெரிய குழாயைப் பார்த்து இதுதான் சின்னக் குழாய் என்று மனசு நம்பிவிட்டது. கைத்திறமைக் குறை காரணமானது 3 சதவீதம்தான். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் கைராசி, கைராசி என்கிறோம். கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. 'எனக்கு இது உறுதியாகத் தெரியவில்லை' என்று சொல்லி நிறுத்தும் மனசுதான் அந்த நேரத்தில் தேவைப்பட்டிருக்கிறது.

இந்த ஆபரேஷனைக் கேமரா வழியாக முதலில் செய்தவர் ஜெர்மனியில் எரிக் மூஹே, 1985இல். இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா செய்தார். அது உலகமெங்கும் வேகமாகப் பரவியபோது, திறந்த ஆபரேஷனில் 1000 பேரில் ஓரிருவருக்கு நடந்துகொண்டிருந்த பித்தக்குழாய் காயம் அதைவிடப் பல மடங்கு கூடியது. 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க சர்ஜன் ஒரு விதியைத் தெளிவாக எழுதி வைத்தார். முக்கோணப் பகுதி முழுக்கச் சுத்தமாக உரிக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதுவரை எதையும் வெட்டக் கூடாது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பயிற்சி மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அந்தக் காட்சி கிடைக்கவே இல்லை என்றால்? இன்னொரு சர்ஜனைக் கூப்பிட்டுக் காட்டலாம். பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு ஆபத்தான இடத்தைத் தொடாமல் விடலாம். அல்லது திறக்கலாம். திறந்துவிட்டால் எல்லாம் சுலபம் என்றும் இல்லை. கேமராவில் பிரியாதது கையிலும் உடனே பிரியாது. அதிலும் இளம் சர்ஜன்களுக்குத் திறந்த பித்தப்பை ஆபரேஷன் பார்க்கவே வாய்ப்புக் குறைந்துவிட்டது. அதனால் மூன்றில் எது என்பது அந்த மேஜையில் கிடக்கும் ஆளைப் பொறுத்தது. மூன்றுமே மரியாதைக்குரிய முடிவுகள்தான்.

பொதுவாகக் கேமராவில் தொடங்கும் பித்தப்பை ஆபரேஷன்களில் 100க்குச் சுமார் 5 திறந்த ஆபரேஷனாக மாறும். கடும் வீக்கத்தோடு வருகிறவர்களில் இன்னும் அதிகம். இங்கேதான் நான் ஏற்காட்டு மக்களைப் பற்றிப் பேச வேண்டும். மேலே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் யாரும் வயிற்று வலிக்காக மலை இறங்க மாட்டார்கள். ஒரு நாள் இறங்கினால் அன்றைய கூலி போச்சு. வலது விலாவுக்குக் கீழே பிடித்தால் வாயு என்று ஓமத் தண்ணீர் குடிப்பார்கள். காய்ச்சலும் வாந்தியும் வந்து, இனி முடியாது என்ற பிறகுதான் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வருவார்கள். அதற்குள் உள்ளே எல்லாம் ஒட்டிப் போயிருக்கும். அப்படி வரும் ஒரு அக்காவுக்குத் திறந்த ஆபரேஷன் ஆனால் அதில் சர்ஜனின் குற்றம் எங்கே இருக்கிறது?

வீக்கம் வந்தால் முதலில் மருந்து கொடுத்து ஆற வைத்து, அப்புறம் பார்க்கலாம் என்ற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. 2013இல் வெளியான ஜெர்மனி ஆய்வு ஒன்றில் 618 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன். இன்னொரு பிரிவுக்கு மருந்து கொடுத்து, 7 முதல் 45 நாள் கழித்து. உடனே செய்தவர்களில் 11.8 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, தள்ளிப் போட்டவர்களில் 34.4 சதவீதம். ஆகவே வலி வந்ததும் இறங்கி வாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.

தழும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தழும்பு வேண்டாம் என்று நினைப்பது தப்பே இல்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு அது பெரிய விஷயம், எனக்குப் புரிகிறது. சிறு துளையில் வலி குறைவு, நடமாட்டம் சீக்கிரம் என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் எல்லா இடத்திலும் இல்லை. 1996இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 200 பேரிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோபி, பாதிப் பேருக்குச் சிறு கீறல் வழியாகத் திறந்த ஆபரேஷன். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்கும் வார்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தெரியாதபடி எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டுப் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலும் வேலைக்குத் திரும்பிய காலத்திலும் பெரிய வேறுபாடு வரவில்லை. தினமும் கட்டுப் பிரிக்கிறவள் என்பதால் அந்தக் கட்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதிர்பார்ப்பும் நோயாளியைச் சீக்கிரம் எழ வைக்கிறது.

துளை வழியாகச் செய்வதாலேயே பலன் வந்துவிடாது என்பது இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்தால் தெரியும். கோவையில் டாக்டர் பழனிவேலு குழுவினர் கணையத் தலையை அகற்றும் பெரிய ஆபரேஷனை 64 பேரிடம் ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். லேப்ராஸ்கோபியில் 7 நாள், திறந்த முறையில் 13 நாள் ஆஸ்பத்திரி வாசம். அருமையான முடிவு. அதே ஆபரேஷனை நெதர்லாந்தில் பல ஆஸ்பத்திரிகளில் ஒப்பிட்டபோது லேப்ராஸ்கோபி பிரிவில் 50 பேரில் 5 பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள், திறந்த பிரிவில் 49 பேரில் ஒருவர். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். நிறுத்தத் தெரிந்த அந்த டாக்டர்களை நான் மதிக்கிறேன்.

"அனுபவம் இல்லாத டாக்டரும் ஓப்பன் பண்ணுவாரே சிஸ்டர்" என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் கேள்வியை முன்னாலேயே கேட்கச் சொல்கிறேன். எந்த நிலை வந்தால் திறப்பீர்கள்? போன வருஷம் எத்தனை பேருக்குத் திறந்தீர்கள்? அப்படித் திறந்தால் கூடுதல் செலவு எவ்வளவு? நிறைய கேஸ் செய்கிற ஒருவர் "எனக்கு ஒன்றுகூட ஓப்பன் ஆனதில்லை" என்று பெருமையாகச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது, கவலைதான் வரும். ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வராண்டா சண்டையில் பாதி பில்லால் வருவது. பேக்கேஜ் பேசும்போதே இரண்டு தொகையும் சொல்லிவிடுங்கள். கையெழுத்து வாங்கும் படிவத்தைக் காலையில் ஸ்ட்ரெச்சரில் வைத்து நீட்டாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம், வீட்டில் முடிவெடுக்கிற ஆளையும் உட்கார வைத்து, தமிழில், ஒரு தாளில் படம் போட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மலைக்குத் திரும்புகிறவர்களுக்கு. லேப்ராஸ்கோபி முடிந்த ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கும். வாயுவால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் உறுத்தப்படுவதால் வருவது அது, பயம் வேண்டாம். ஆனால் பித்தக் கசிவு பெரும்பாலும் மறுநாளே தெரியாது, வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். நாளாக ஆக வயிற்று வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பினாலோ, கண் மஞ்சளானாலோ காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு அன்றைக்கே இறங்குங்கள். ஏற்காட்டு மலையில் நாகலூர் தாண்டிய ஊர்க்காரர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போது நான் இரண்டு நம்பர் வாங்கி வைப்பேன், அவர்களுடையது ஒன்று, சிக்னல் கிடைக்கும் பக்கத்து வீட்டுக்காரருடையது ஒன்று. மூன்றாம் நாள் நாங்களே போன் செய்து விசாரிப்போம். எல்லா ஆஸ்பத்திரியும் இதைச் செய்யலாம், ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம் கூட ஆகாது.