60 சதவீதம் மரபணு என்ற கணக்கு பற்றி
"சுயக்கட்டுப்பாட்டில் 60 சதவீதம் மரபணு, மீதிதான் நம் கையில்" என்று மன உறுதி பற்றிய இந்தக் கட்டுரையில் போட்டிருப்பது சரியில்லை. இரட்டைப் பிறவிகளை ஒப்பிட்டு மரபின் பங்கை அளக்கும் ஆய்வுகளைத் தொகுத்ததில் கிட்டத்தட்ட 60 வந்தது உண்மைதான், ஆனால் அது ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு, தனி ஒருவரின் மன உறுதியைக் கூறுபோட்ட கணக்கு அல்ல. 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். அங்கே இருந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமை, ஊர் திரும்பிய பிறகு மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் வெகு சிலர்தான். மரபணு அதேதானே, மாறியது இடமும் கூட்டாளிகளும் ஹெராயின் கிடைக்கும் சுலபமும். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் "எங்க அப்பா புகைத்தார், எனக்கும் ரத்தத்திலேயே இருக்கு" என்று எழுதியிருக்கிறார். சரி, எங்கள் வீட்டிலும் அப்பா, சித்தப்பா எல்லோரும் அப்படித்தான், நானும் இரவு ஷிப்டில் இருந்தவரை பாக்கெட் பாக்கெட்டாக ஊதித் தள்ளியவன். பகல் ஷிப்டுக்கு மாறி ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்ததும் எந்த வைராக்கியமும் எடுக்காமலே பாதியாகக் குறைந்தது, முழுசாக விட்டேன் என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு நீளக் கட்டுரையில் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?